தொட்டுப் பாத்தியா, தம்பி?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குறைக்கடத்தி இயற்பியல் படிப்பது பற்றியும், சொந்த ஆர்வத்தில் சின்னச் சின்ன மின்னணுக் கருவிகள் செய்து பழகுவது பற்றியும் மாணவர்களுக்குப் பயன்படும்படி பேசச் சொல்லியிருக்கிறார்கள். இது இரண்டு தலைப்பு என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குப் புரியவைத்தது ஒரு புயல், ஒரு பாழான செல்போன், ஒரு டிவி மெக்கானிக். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை இல்லை. ஆனாலும் உங்களுக்கு உதவும்.

எனக்குச் சொந்த ஊர் கடலூர் முதுநகர். ஊர்க்காரர்கள் சொல்வதுபோலச் சொன்னால் 'ஓ.டி.' சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்தேன். சனிக்கிழமையானால் அழுக்குத் துணி மூட்டையோடு பஸ் ஏறிவிடுவேன். படிப்பில் மோசமில்லை. இன்னும் சொன்னால், மதிப்பெண்ணில் கொஞ்சம் கர்வமே உண்டு. ஃபெர்மி மட்டம் எங்கே இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தூய குறைக்கடத்தியில் ஆற்றல் இடைவெளியின் நடுவே, என் வகையில் மேலே தள்ளி, பி வகையில் கீழே தள்ளி. 'வெப்பநிலை உயரும்போது மின்னூட்ட ஊர்திகளின் எண்ணிக்கை மாறும் விதத்தை விளக்குக' என்ற பெரிய வினாவுக்கு, படம் வரைந்து, சமன்பாட்டை வருவித்து, அடியில் இரண்டு கோடும் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

ஆனால் சால்டரிங் அயர்னை நான் பிடித்தது மிகக் குறைவு. ஆய்வகத்தில் கருவிகள் இல்லாமலில்லை. நான்தான் பக்கத்து மேசை நண்பன் எடுத்த அளவீடுகளைப் பார்த்து எழுதிக்கொண்டு, கான்டீனுக்கு முதல் ஆளாக ஓடிவிடுவேன்.

நான் இறுதியாண்டு படிக்கும்போதுதான் 'தானே' புயல் வந்தது. 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடியற்காலை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் தெருவில் இருந்த வேப்பமரம், முருங்கைமரம் எல்லாம் சாய்ந்துவிட்டன. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் அழிந்துபோனது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்துவிட்டன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வரவே வாரக்கணக்கில் ஆயிற்று.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். தனியாள். அவருடைய ஒரே மகன் வளைகுடாவில் வேலை பார்த்தார். புயல் செய்தியை டிவியில் பார்த்துவிட்டு மகன் என்ன பாடுபடுவானோ என்று அந்தம்மாவுக்கு ஒரே தவிப்பு. செல்போனில் சார்ஜ் இல்லை. இரண்டாம் நாள் மாலை டவர் லேசாகக் கிடைக்க ஆரம்பித்ததும் என்னிடம் வந்தார்.

"நீ எலட்ரானிக்ஸ்தானப்பா படிக்கிற? இதுக்கு எதாவது பண்ணேன். புள்ள போன் பண்ணுவான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதற்குத்தானே படித்தோம் என்று கிளம்பினேன். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் 12 வோல்ட் பேட்டரி இருந்தது. செல்போனுக்கு 5 வோல்ட் வேண்டும். 12-ஐ 5 ஆக்க 7805 என்று மூன்று கால் ஐ.சி. ஒன்று உண்டு. பழைய புராஜெக்ட் பெட்டியில் ஒன்று கிடந்தது. கம்பியை முறுக்கி, டேப் சுற்றி, போனைச் செருகினேன். சார்ஜ் ஏறும் படம் வந்ததும் பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரு நிமிடம்தான். சார்ஜ் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் தானாக வந்தது, மறுபடி நின்றது. வருவதும் நிற்பதுமாக இருந்தது. ஐ.சி. கெட்டுப்போன சரக்கு என்று முடிவு கட்டி அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு கணக்குப் போட்டேன். பேட்டரியில் 12.5 வோல்ட், போனுக்கு 5 வோல்ட், மிச்சம் 7.5 வோல்ட்டை ஒரு மின்தடை விழுங்கிவிட்டால் போதாதா? போன் அரை ஆம்பியர் இழுக்கும். 7.5-ஐ 0.5-ஆல் வகுத்தால் 15 ஓம். அப்படியே வைத்தேன். சார்ஜ் நிற்காமல் ஏறியது. நானும் நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது போன் செத்திருந்தது. பிறகு அது உயிர் பெறவே இல்லை.

எங்கே தப்பு என்று உங்களில் பலருக்கு இந்நேரம் புரிந்திருக்கும். பேட்டரி நிரம்ப நிரம்ப, போன் இழுக்கும் மின்னோட்டம் குறையும். அரை ஆம்பியர் 0.05 ஆம்பியராக இறங்கினால், 15 ஓம் மின்தடை விழுங்குவது முக்கால் வோல்ட்தான். மிச்சம் 11.75 வோல்ட்டும் போனின் தலையில்தான் விழும். இதற்குக் குறைக்கடத்தி இயற்பியல்கூட வேண்டாம். பத்தாம் வகுப்பு ஓம் விதி போதும்.

பெரியம்மா என்னைத் திட்டவில்லை. "பரவால்ல விடுப்பா"ன்னு சொல்லிட்டு, அந்தச் செத்த போனை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று இரவே அவரை அழைத்துக்கொண்டு எங்கள் ஊரில் இருந்த டிவி மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போனேன். கடை வாசலில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் காரியமாகப் பெரியம்மாவின் சிம் கார்டை எடுத்துத் தன்னுடைய பழைய போனில் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை மகனிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. அந்த மட்டில் கடவுள் காப்பாற்றினார்.

பிறகு அண்ணன் என்னிடம் நடந்ததைக் கேட்டார். நான் ஐ.சி. கெட்டுப்போன கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அது நின்னப்ப தொட்டுப் பாத்தியா, தம்பி?"

தொடவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. தூக்கி எறிந்த அதே ஐ.சி.யை டார்ச் அடித்துத் தேடி எடுத்து வரச் சொன்னார். ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரில் இருந்து அலுமினிய ஹீட் சிங்க் ஒன்றைக் கழற்றி, ஐ.சி.யை அதில் திருகி முடுக்கி, வழியில் ஒரு ஃபியூஸ் போட்டு, பேட்டரியில் மாட்டினார். வேலை செய்தது. அடுத்த இரண்டு வாரம் எங்கள் தெருவே அதில்தான் மாற்றி மாற்றி சார்ஜ் போட்டது.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. கிளம்பும்போது அண்ணன் கேட்டார்: "முப்பது வருசமா பாக்குறேன், சூடானா எல்லாம் படுத்துக்குது. ஏன் தம்பி அப்பிடி? கம்பி சூடானா கம்பி வேலை செய்யுது. பல்பு சூடானாத்தான் எரியுது. இந்த ஐ.சி.யும் டிரான்சிஸ்டரும் மட்டும் ஏன் சூட்டுக்குப் பயப்படுது? நீ படிச்ச புள்ள, சொல்லேன்."

முழு மதிப்பெண் வாங்கிய வாய், ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குக் கை தெரிந்திருந்தது, காரணம் தெரியவில்லை. எனக்குக் காரணம் மனப்பாடமாக இருந்தது, அதுதான் காரணம் என்று தெரியவில்லை!

விடுதிக்குத் திரும்பியதும் அதே புத்தகத்தின் அதே பக்கத்தை எடுத்தேன். இந்த முறை தேர்வுக்காக அல்ல, அண்ணனுக்குப் பதில் சொல்வதற்காக. அப்போதுதான் அந்தப் பக்கம் எனக்கு முதன்முதலாகப் புரிந்தது. அதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

சிலிக்கானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ 5-க்குப் பின் 22 சைபர் போட்ட அளவு அணுக்கள். தூய சிலிக்கானில் அறை வெப்பநிலையில் மின்சாரத்தைக் கடத்தத் தயாராக ஓடித் திரியும் எலக்ட்ரான்களோ சுமார் ஆயிரம் கோடிதான். கேட்க அதிகமாக இருக்கிறதல்லவா? கணக்குப் போட்டால் 5 லட்சம் கோடி அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான். மற்றவை எல்லாம் பிணைப்பில் கட்டுண்டு கிடக்கின்றன. கட்டை அறுத்துக்கொண்டு வெளியே வர ஒவ்வொன்றுக்கும் சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். இதுதான் நாம் எழுதி எழுதித் தேய்த்த 'விலக்கப்பட்ட ஆற்றல் இடைவெளி'.

இப்போது மாசூட்டலுக்கு வாருங்கள். ஒரு கோடி சிலிக்கான் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணுவைக் கலக்கிறோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 7 கோடியே 21 லட்சம். ஒரு கோடிக்கு ஒன்று என்றால், தமிழ்நாடு முழுவதிலும் ஏழே ஏழு பேர் வெளியூர்க்காரர்கள் என்று அர்த்தம். அந்த ஏழு பேர் வந்ததற்கே ஓடித் திரியும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை 5 லட்சம் மடங்கு உயர்ந்துவிடுகிறது! டையோடு, டிரான்சிஸ்டர், உங்கள் பையில் இருக்கும் செல்போன், எல்லாம் நிற்பது இந்த ஏழு பேரின் தயவில்தான். எந்த இடத்தில் எத்தனை மாசு என்று நாம் வைத்தோமோ, அதன்படி சிலிக்கான் நடக்கிறது. அது நம் சொல்பேச்சுக் கேட்கிறது.

சூடு ஏறினால்? கட்டுண்டு கிடந்த எலக்ட்ரான்கள் தாமாகவே கட்டை அறுத்துக்கொள்கின்றன. சிலிக்கானில் இந்த எண்ணிக்கை, தோராயமாகச் சொன்னால், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரண்டு மடங்காகிறது. 30 டிகிரியில் இருந்து 150 டிகிரிக்குப் போனால் பன்னிரண்டு முறை இரட்டிப்பு. அதாவது நாலாயிரம் மடங்கு. நாம் அழைத்து வந்தவர்களை விட அழையாத விருந்தாளிகள் பெருகத் தொடங்கிவிட்டால், அப்புறம் நம் சொல் அங்கே எடுபடாது. அடைத்து வைத்த சந்தி கசிகிறது. கசிவினால் சூடு, சூட்டினால் மேலும் கசிவு.

கம்பியில் அந்தக் கதை இல்லை. செம்பில் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே ஏராளம். சூடானால் தடை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சூட்டில் தடை குறைகிற பொருளும் உண்டு என்று 1833-லேயே வெள்ளி சல்ஃபைடில் மைக்கேல் ஃபாரடே பார்த்துவிட்டார். காரணம் தெரிய இன்னும் நூறு ஆண்டு ஆயிற்று.

இனி என் 7805-க்கு வருவோம். 12.5 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே. 7.5 வோல்ட்டையும் அரை ஆம்பியரையும் பெருக்கினால் 3.75 வாட். அவ்வளவும் அந்தக் கட்டைவிரல் நகம் அளவுச் சில்லில் சூடாகிறது. ஹீட் சிங்க் இல்லாமல் காற்றில் நிற்கும் 7805, ஒவ்வொரு வாட்டுக்கும் சுமார் 65 டிகிரி சூடேறும் என்று அதன் தகவல் தாள் சொல்கிறது. 3.75 பெருக்கல் 65, கிட்டத்தட்ட 244 டிகிரி. ஊர் வெயில் 30-ஐக் கூட்டுங்கள். தாங்குமா? ஹீட் சிங்க் போட்டால் இதே கணக்கு வாட்டுக்கு 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். உள்ளே 90 டிகிரிக்குள் நிற்கும். ஐ.சி. பிழைத்துக்கொள்ளும்.

இதில் எனக்கு மிகவும் உறைத்தது வேறு ஒன்று. அந்த ஐ.சி. 274 டிகிரி வரை போகவே இல்லை. அதற்குள்ளேயே ஒரு காவலாளி இருக்கிறான். சில்லின் சூடு சுமார் 150 டிகிரியைத் தாண்டினால் தானே தன்னை அணைத்துக்கொள்ளும், ஆறியதும் எழுந்துகொள்ளும். வருவதும் நிற்பதுமாக இருந்தது அதனால்தான். அது கெட்டுப்போகவில்லை. தன்னையும் போனையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நான் அந்தக் காவலாளியை வேலையை விட்டு நீக்கிவிட்டு, ஒன்றும் தெரியாத ஒரு மின்தடையை உட்கார வைத்தேன்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய ரேடியோவ வெயில்ல வெச்சா தொண்ட கட்டிக்குமே, அதுவும் இதானா?" என்றார். அதுவேதான். ஜெர்மானியத்தின் ஆற்றல் இடைவெளி சுமார் 0.67 எலக்ட்ரான் வோல்ட். வேலி தாழ்வு. தாண்டிக் குதிப்பவர்கள் அதிகம். அறை வெப்பநிலையிலேயே சிலிக்கானைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். அண்ணன் உடனே ஒரு டப்பாவைக் கவிழ்த்து ஏ.சி.128 என்ற பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ஒன்றைத் தேடி எடுத்தார். 9 வோல்ட் பேட்டரியைப் பின்னோக்குச் சார்பில் கொடுத்து, மைக்ரோ ஆம்பியரில் மீட்டரை வைத்தோம். இரண்டு விரலால் டிரான்சிஸ்டரைப் பிடித்ததுதான் தாமதம், எண் ஏறத் தொடங்கியது. விரல் சூட்டுக்கே! புத்தகத்தில் மேல்நோக்கி வளையும் அந்தக் கோட்டை, நான் மீட்டரில் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதே விஷயத்தை உலகமே பார்த்த ஒரு நாள் உண்டு. டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. முதலில் வந்தவை ஜெர்மானியம். சிலிக்கானில் செய்வது கடினம் என்று எல்லோரும் கருதிக்கொண்டிருந்தபோது, 1954 மே மாதம் அமெரிக்காவில் டேட்டன் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கார்டன் டீல் எழுந்து, எங்களிடம் சிலிக்கான் டிரான்சிஸ்டர் இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு ஒரு கிராமபோன் பாட்டை ஓடவிட்டார். அதன் ஒலிபெருக்கிச் சுற்றில் இருந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டரைச் சூடான எண்ணெயில் முக்கினார். பாட்டு நின்றுபோனது. சிலிக்கான் டிரான்சிஸ்டரை மாற்றி அதே எண்ணெயில் முக்கினார். பாட்டு நிற்கவில்லை. ஒரு கிண்ணம் எண்ணெயில், 1.1-க்கும் 0.67-க்கும் உள்ள வித்தியாசத்தை அவையோர் காதால் கேட்டார்கள். எங்கள் அண்ணனும் அதைத்தான் வெயிலில் கேட்டிருக்கிறார். கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பாடமெல்லாம் எங்கோ வெள்ளைக்காரன் நாட்டில் நடந்தது, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். ஃபெர்மியும் டிராக்கும் எலக்ட்ரான்களுக்கான புதிய புள்ளியியல் முறையை உருவாக்கியது 1926-ல். 1928-ல் ஜெர்மனியின் பேரறிஞர் அர்னால்டு சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய அணு இயற்பியல் நூலைத் தானே படித்து முடித்திருந்த மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர், அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, இயற்பியலே மாறிவிட்டது என்று சாமர்ஃபெல்டு சொன்னார். சொல்லிவிட்டு, உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றித் தான் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப் படிகளை அந்தப் பையன் கையில் கொடுத்தார். அதைப் படித்துப் புதிய முறையைப் பிடித்துக்கொண்ட மாணவர், சில மாதங்களிலேயே அதை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளிவந்தது. அந்த மாணவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். அப்போது அவருக்கு வயது 18. அதே புள்ளியியல் பின்னர் அவரை நட்சத்திரங்களுக்கு அழைத்துப்போய் 1983-ல் நோபல் பரிசு வரை கொண்டுவந்தது. நம் பாடப் புத்தகத்தில் ஃபெர்மி மட்டமாக உட்கார்ந்திருப்பதும் அதுவே. பழசாகிவிட்டது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் நாம் என்ன செய்திருப்போம்? அவர் வெட்கப்படாமல் வாங்கிப் படித்தார்.

சரி, தம்பி தங்கைகளே, இன்று மாலை விடுதிக்குப் போய் என்ன செய்யலாம்? ஒரு மல்டிமீட்டர், ஒரு பிரெட்போர்டு, 9 வோல்ட் பேட்டரி, கொஞ்சம் மின்தடைகள், சில டையோடுகள், பல நிறத்தில் எல்.இ.டி.கள் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் தலைக்கு ஒரு சினிமாச் செலவுதான். முதல் வருடம் வீட்டு 230 வோல்ட் பக்கமே போகாதீர்கள். பேட்டரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சால்டரிங் பண்ணும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

முதல் வேலை: எல்.இ.டி. ஒவ்வொன்றையும் 10 கிலோ ஓம் மின்தடையோடு தொடராகப் பேட்டரியில் மாட்டி, எல்.இ.டி.யின் இரு முனைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளந்து எழுதுங்கள். சிவப்பில் 1.8 வோல்ட்டை ஒட்டி வரும். நீலத்தில் 2.6, 2.7-ஐ ஒட்டி வரும். சிவப்பு ஒளித் துகளின் ஆற்றல் சுமார் 1.9 எலக்ட்ரான் வோல்ட், நீலத்துக்கு 2.6. பார்த்தீர்களா? ஆற்றல் இடைவெளியையே நீங்கள் மல்டிமீட்டரில் ஏறத்தாழ அளந்துவிட்டீர்கள்! பிறகு வெள்ளை எல்.இ.டி.யை வையுங்கள். நீலத்தின் அளவே வரும். ஏன் என்று நான் சொல்லமாட்டேன். நீலத்துக்காக 2014-ல் மூன்று பேருக்கு இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாம் வேலை: 1என்4148 டையோடு ஒன்றை 4.7 கிலோ ஓம் மின்தடை வழியாக 5 வோல்ட்டில் முன்னோக்குச் சார்பில் மாட்டுங்கள். நனையாதபடி கால்களை மூடி, முதலில் ஐஸ் தண்ணீரில், பிறகு கான்டீன் வெந்நீரில் அமிழ்த்தி அழுத்தத்தை அளவுங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லி வோல்ட் இறங்கும். உங்கள் கையில் இருப்பது ஒரு வெப்பமானி. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 7805-க்குள் இருக்கிறான் என்று சொன்னேனே ஒரு காவலாளி, அவன் சூட்டை அறிவதும் இதே முறையில்தான். சில்லின் உள்ளேயே இருக்கும் ஒரு டிரான்சிஸ்டர் சந்தியின் மின்னழுத்தம் இறங்குவதை வைத்துத்தான் அணைக்க வேண்டிய நேரத்தைக் கண்டுகொள்கிறான்.

மூன்றாம் வேலை: நான் தோற்ற அந்தச் சார்ஜரையே செய்யுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. சால்டரிங் அயர்னைச் சூடேற்றுவதற்கு முன்னால், சில்லு எவ்வளவு சூடாகும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு எழுதி வையுங்கள். செய்து முடித்ததும் ஹீட் சிங்க்கின் சூட்டை இரண்டாம் வேலையில் செய்த டையோடு வெப்பமானியால் அளவுங்கள். கணக்கும் அளவும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது. ஏனென்றால், கற்றுக்கொள்ள அங்கே ஏதோ இருக்கிறது. பேட்டரியின் ஆற்றலில் பாதிக்கு மேல் சூடாக வீணாகிறதே என்று அப்போது மனசு அடித்துக்கொள்ளும். அந்த வருத்தத்தில் இருந்துதான் சுவிட்ச்சிங் முறை மின்வழங்கிகள் பிறந்தன. என் பிழைப்பும் இன்று அதில்தான் நடக்கிறது.

இன்று நாட்டில் குறைக்கடத்தி என்ற சொல் பட்ஜெட்டிலும் அடிபடுகிறது. 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் வடிவமைத்த 'சக்தி' செயலிகள் 2018-ல் சில்லாக வெளிவந்தன. 2025 செப்டம்பரில், விண்கலங்களுக்காக மொகாலியில் உள்ள நம் நாட்டு ஆலையிலேயே செய்த 'விக்ரம்' 32 பிட் செயலியைப் பிரதமரிடம் கொடுத்தார்கள். வேலைகள் வரும். மதிப்பெண் பட்டியலோடு நிறையப் பேர் வரிசையில் நிற்பீர்கள். அங்கே ஒரு சில்லு வருவதும் நிற்பதுமாக இருக்கும்போது, அதைத் தூக்கி எறிபவரா, தொட்டுப் பார்த்து, பிறகு புத்தகத்தின் எந்தப் பக்கம் என்று திறக்கத் தெரிந்தவரா என்பதில்தான் உங்கள் மதிப்பு இருக்கிறது.

முடிக்கும் முன் முன்னாள் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மேடையின் ஓரத்தில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறேன். அதில் நான்கு மல்டிமீட்டர், இரண்டு சால்டரிங் அயர்ன், கொஞ்சம் உதிரிப் பொருட்கள் இருக்கின்றன. ஆய்வகத்தில் ஒரு மேசையும், வாரத்தில் ஒரு மாலை நேரமும் ஒதுக்கித் தருவதாக ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். மதிப்பெண் கிடையாது, ரெக்கார்டு நோட்டு கிடையாது. உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ஹீட் சிங்க், எதுவானாலும் அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து இந்தப் பெட்டியில் போடுங்கள். பணமாகத் தர வேண்டாம். மாதம் ஒருமுறை ஒருவர் வந்து அந்த மேசையில் உட்கார்ந்தால், அது போதும்.

பெரியம்மாவுக்கு என் முதல் சம்பளத்தில் ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். "இத நீ தொடாதப்பா" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். மெக்கானிக் அண்ணன் கடையை மூடிவிட்டு இப்போது வீட்டில் ஓய்வாக இருக்கிறார். பெட்டியில் பஞ்சு வைத்து ஒரு சின்ன டப்பா இருக்கிறதே, அதில் இருப்பது அவர் கொடுத்தனுப்பிய ஏ.சி.128. இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். மீட்டரில் எண் ஏறும்.